வாசிக்க ஆள் இருந்தால் எழுதுவார்கள்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் ஓடியது. பெங்களூரில் 12 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவனாக இருக்கும் ஒருவன் கேட்டான்: "என் டீம் பசங்களை ஒழுங்கா கமிட் மெசேஜ் எழுத வைக்க என்னதான் செய்யறது? சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது." ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒற்றைச் சொல்லில் எழுதினால் 50 ரூபாய் அபராதம் போட்டு டீச்செலவுக்கு எடு என்றான் ஒருவன். நீளம் குறைந்தால் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பும்படி செய் என்றாள் ஒருத்தி. இனிமேல் அதையெல்லாம் ஏஐ எழுதிவிடும், விட்டுத்தள்ளு என்றான் இன்னொருவன். கடைசியில், "டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடம் வந்தது. "அவர்கள் எழுதுவதை நீ வாசிக்கிறாயா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு அவன் நழுவிவிட்டான். அந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

"இயற்பியல் டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று உறவுக்காரர்கள் கேட்கலாம். ஓய்வுபெற்ற பிறகு பைத்தான் படித்தேன். நம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து நடத்தும் வினாத்தாள் தொகுப்பு வேலையில் மூன்று வருடமாக நானும் கைவைக்கிறேன். அதனால் கமிட் என்றால் என்ன என்று எனக்கும் ஓரளவு தெரியும்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு மென்பொருளைப் பத்துப் பேர், நூறு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க ஒரு பேரேடு வேண்டும். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் பேரேட்டின் பெயர் கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. அதில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்வதற்குப் பெயர் கமிட். பதியும்போது "இந்த மாற்றம் எதற்கு?" என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதுதான் கமிட் மெசேஜ்.

நம் வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "கருப்பையா – 500" என்று மட்டும் எழுதியிருந்தால் பத்து வருடம் கழித்து யாருக்குத் திருப்பிச் செய்வது? மேலத்தெரு கருப்பையாவா, மாமனார் வழிக் கருப்பையாவா? எழுதிய சித்தப்பாவுக்கு அன்றைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நோட்டைப் புரட்டும் பேரனுக்குத் தெரியாது. ஊர், உறவுமுறை இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பெரியவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

கமிட் குறிப்புகளில் நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "ஃபிக்ஸ்", "அப்டேட்", "சேஞ்சஸ்", "டெஸ்ட்", "ஃபைனல்", மறுநாள் "ஃபைனல் 2". வெறும் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. யார் மாற்றினார் என்பதைக் கிட் தானே எழுதிக்கொள்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி என்பதும் தானே பதிவாகிறது. எந்த வரி போய் எந்த வரி வந்தது என்பதையும் எழுத்துப் பிசகாமல் காட்டுகிறது. இயந்திரத்துக்குத் தெரியாதது ஒன்றுதான். ஏன் மாற்றினீர்கள் என்பது. அது உங்கள் மனதில் மட்டும் இருக்கிறது, அதுவும் அன்றைக்கு மட்டும். அடுத்த மாதம் உங்களுக்கே மறந்துபோகும். அந்த ஒன்றைக் கேட்கத்தான் அந்தக் காலி இடம்.

நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வில்லங்கச் சான்று எடுத்தால் யார், யாருக்கு, எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார் என்று பட்டியல் வரும். ஆனால் சிக்கல் என்று வந்தால் வக்கீல் மூலப்பத்திரத்தைத்தான் கேட்பார். பழைய பத்திரங்களில் விற்கிறவர் காரணத்தையும் எழுதியிருப்பார். குடும்பச் செலவுக்காகவா, மகள் கல்யாணத்துக்காகவா, வேறு இடத்தில் நிலம் வாங்கவா என்று தெரியும். பின்னால் பங்காளிகளுக்குள் வழக்கு வந்தால் அந்த ஒரு வரி பேசும்.

கிட்டிலும் பத்திரத்தைப் போல ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் ஓர் அடையாள எண் கொடுக்கிறது. வழக்கமாக 40 எழுத்து நீளம். நீங்கள் எழுதும் குறிப்பும் அந்த எண்ணைக் கணக்கிடுவதில் சேர்கிறது. குறிப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறும். அதற்குப் பின்னால் அடுக்கியிருக்கும் கமிட்களின் எண்களும் மாறும். உங்கள் கணினியில் இருக்கும்வரை திருத்திக்கொள்ளலாம். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு திருத்தினால் குழுவுக்கே தலைவலி. எழுதும் அன்றைக்கே சரியாக எழுதுவதுதான் வழி.

சரி, எழுதாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது?

என் மாணவி ஒருத்தி தன் பழைய அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள். பணம் செலுத்தும் மென்பொருள். வங்கியிலிருந்து பதில் வராவிட்டால் மறுபடி முயற்சி செய்யும். மறுமுயற்சிக்கு முன்னால் 40 விநாடி காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி அதில் இருந்தது. அதைச் சேர்த்தவர் எழுதிய குறிப்பு, "ஃபிக்ஸ்". அவர் வேலையை விட்டுப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. புதிதாகச் சேர்ந்த பையனிடம், பக்கம் மெதுவாக இருக்கிறது, வேகப்படுத்து என்று வேலை கொடுத்தார்கள். அவன் தேடிப்பார்த்தான். 40 விநாடி சும்மா நிற்கும் வரி கண்ணில் பட்டது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று வரலாற்றைப் பார்த்தான். "ஃபிக்ஸ்" என்று இருந்தது. பக்கத்தில் கேட்டான், யாருக்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டான். சோதனைகள் எல்லாம் தேறின. பக்கமும் வேகமானது, பாராட்டினார்கள்.

சில நாளில் புகார்கள் வந்தன. சில வாடிக்கையாளர்களின் கணக்கில் பணம் இரண்டு முறை போயிருந்தது. வங்கியின் பக்கம் முதல் கோரிக்கை பதிவாகவே சில நேரம் அரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் மறுபடி கேட்டால் இன்னொரு புதிய கோரிக்கை என்று எடுத்துக்கொள்ளும். அந்த 40 விநாடியின் காரணம் அதுதான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்துவிட்டார்கள். அந்தப் பையனின் தகுதிகாண் காலத்தை மட்டும் ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள். "அவன் கேட்க வேண்டியவங்களை எல்லாம் கேட்டான் டீச்சர், பதில் சொல்லத்தான் ஆள் இல்லை" என்றாள் என் மாணவி. ஊரில் அப்பா அம்மாவிடம் என்னவென்று சொல்லியிருப்பான் அந்தப் பிள்ளை? நான் இவ்வளவு தூரம் எழுதுவது அவனுக்காகத்தான். வெற்றுக் குறிப்பின் செலவை அதை எழுதியவர் கொடுப்பதில்லை. பின்னால் வருகிற இளையவர்தான் கொடுக்கிறார்.

அன்றைக்கு அந்த மூத்தவர் இப்படி எழுதியிருக்கலாம்:

"மறுமுயற்சிக்கு முன் 40 விநாடி காத்திரு. வங்கி முதல் கோரிக்கையைப் பதிய 30 விநாடி வரை எடுத்துக்கொள்கிறது. அதற்குள் மறுபடி அனுப்பினால் பணம் இருமுறை போகிறது. வங்கி தன் முறையை மாற்றினால் இந்த வரியை எடுத்துவிடலாம்."

நான்கு வாக்கியம். எழுத இரண்டு நிமிடம் ஆகுமா?

இப்படிப்பட்ட வரிக்குப் பக்கத்தில் நிரலிலேயே ஒரு விளக்கம் எழுதலாமே என்பீர்கள். எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் நிரல் மாறும்போது பக்கத்து விளக்கம் மாறாமல் கிடந்து பொய்யாகிவிடுவது உண்டு. ஒரே காரணத்துக்காக ஐந்து கோப்புகளில் கைவைத்திருந்தால் எந்தக் கோப்பில் எழுதுவது? கமிட் குறிப்பு அன்றைய மாற்றம் முழுவதோடும் சேர்த்துக் கட்டப்பட்டது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் எழுத மாட்டேன் என்கிறார்கள்?

சோம்பல் என்று தலைவர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே பிள்ளைகள் ஒரு சினிமாவைப் பற்றி நள்ளிரவில் நாற்பது வரி எழுதுகிறார்கள். அங்கே வாசிக்க ஆள் இருக்கிறது, மறுமொழி வருகிறது. கமிட் குறிப்பை யார் வாசிக்கிறார்கள்? எழுதிய நாளில் ஒருவரும் வாசிப்பதில்லை.

பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டு உங்களுக்கு மறந்திருக்காது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று தலைப்புகள் போட்டு எழுதுவீர்கள். வெறும் கையெழுத்துக்காக நோட்டு வாங்கப்படும் இடத்தில் என்ன நடக்கும்? போன வருடத்து அண்ணனின் நோட்டு அப்படியே இறங்கிவிடும், பிழைகளோடு சேர்த்து. அதே பிள்ளைகளின் நோட்டில், "உன் ஊசல் ஏன் 20 அலைவுக்குப் பதில் 19 எண்ணியது?" என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த சோதனையில் நோட்டு மாறிவிடும். முப்பது வருடத்துக்கு மேல் இதைக் கண்ணால் பார்த்தவள் நான். திட்டி எழுத வைத்ததைவிட, வாசித்து எழுத வைத்தது அதிகம்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. இங்கிலீஷ் பயம்.

தமிழ்வழியில் படித்து, முதல் தலைமுறையாக அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் இரண்டு வாக்கியம் இங்கிலீஷில் எழுதச் சொன்னால் கை நிற்கும். ஒரு 'எஸ்' விட்டுப்போனால் பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பாரோ என்று பயம். ஒற்றைச் சொல்லில் இலக்கணப் பிழை வராது அல்லவா? அதனால் "ஃபிக்ஸ்" என்று போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று சொன்னால் நியாயம் இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கிட்டை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்துக்காரர். வீட்டில் சுவீடிஷ் பேசி வளர்ந்தவர். அவருக்கும் இங்கிலீஷ் படித்துக்கொண்ட மொழிதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இன்றுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்கள் இருக்கின்றன. எழுதியவர்களில் எத்தனையோ பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. அங்கே என்ன தொல்லை, ஏன் இந்த மாற்றம் என்று விளக்காமல் நிரலை மட்டும் நீட்டினால் திருப்பிக் கேட்பார்கள். பழைய கமிட் ஒன்றில் வந்த பிழையைச் சரிசெய்கிறீர்கள் என்றால் அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் குறிப்பிடச் சொல்கிறார்கள். அங்கே இலக்கண அழகை யாரும் எதிர்பார்ப்பதில்லை. காரணம் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, முதலில் காரணத்தைத் தமிழில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக இங்கிலீஷில் இறக்குங்கள். குழுவில் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் என்றால் தமிழிலேயே எழுதலாம், கிட் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். எங்கள் வினாத்தாள் வேலையில் அப்படித்தான் செய்கிறோம். தலைவர்களே, உங்களுக்கு ஒன்று: குறிப்பில் இலக்கணப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு முறை சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு "ஃபிக்ஸ்" தவிர வேறெதுவும் எழுத மாட்டான்.

அபராதம், தானாகத் திருப்பி அனுப்புவது எல்லாம் ஏன் பலிப்பதில்லை என்று இப்போது விளங்கும். பத்து எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காதே என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால், "ஃபிக்ஸ் ஃபிக்ஸ் ஃபிக்ஸ்" என்று வரும். டிக்கெட் எண் கட்டாயம் என்றால் எண் மட்டும் வரும். எண் இருப்பது நல்லதுதான். ஆனால் நிறுவனம் நாளைக்கு வேறு டிக்கெட் மென்பொருளுக்கு மாறினால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கதை கிடைக்குமா என்பது சந்தேகம். நிரலோடு கூடவே பயணம் செய்வது கமிட் குறிப்பு ஒன்றுதான்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒன்று. ரிவ்யூ செய்கிறவர் நிரலைத் திறப்பதற்கு முன் குறிப்பை வாசிக்க வேண்டும். காரணம் புரியவில்லை என்றால் "இது ஏன் தேவைப்பட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை வாய்ப்பேச்சில் பதில் சொன்னால், "இப்போ சொன்னதையே எழுதிடு தம்பி" என்று சொல்லுங்கள். நன்றாக எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இரண்டு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் நிரல் எழுதக் கொடுக்காதீர்கள், வரலாற்றை வாசிக்கக் கொடுங்கள். விளங்காத ஐந்து வரிகளைக் காட்டி, இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வரியை யார், எந்தக் கமிட்டில் எழுதினார்கள் என்று காட்ட கிட் பிளேம் இருக்கிறது. எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேட கிட் பைசெக்ட் இருக்கிறது. ஆயிரம் கமிட்களில் பத்துச் சோதனையில் ஆளைப் பிடித்துவிடும். அப்படித் தேடிப்போன இடத்தில் "சேஞ்சஸ்" என்று மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களே அனுபவிக்கட்டும். தண்ணீரின் அருமை தாகத்தில்தான் தெரியும்.

மூன்று. ஒரு கமிட்டுக்கு ஒரு விஷயம். குறிப்பு எழுத வரவில்லை என்றால் பல நேரம் காரணம் மொழியில் இல்லை, நாலு வேலையை ஒன்றாகக் கட்டியதில் இருக்கிறது. "அதுவும் செய்தேன், இதுவும் செய்தேன், கூடவே அதையும்" என்று குறிப்பு நீண்டால் பிரித்துப் போடுங்கள்.

நான்கு. ரஃப் நோட்டு வேறு, ஃபேர் நோட்டு வேறு. உங்கள் சொந்தக் கிளையில் வேலை நடக்கும்போது "பாதி முடிந்தது" என்று எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பொதுக் கிளையில் சேர்க்கும் முன் ஒழுங்குபடுத்துங்கள். பல கமிட்களை ஒன்றாக்கிச் சேர்க்கும்போது அந்த ரஃப் குறிப்புகள் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும், பார்த்து நீக்குங்கள்.

ஐந்து. மைனஸ் எம் என்று போட்டு ஒரே வரியில் முடிக்கும் பழக்கத்தைக் குறையுங்கள். அதைப் போடாவிட்டால் கிட்டே எழுதுவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்து கொடுக்கும். முதல் வரி ஒரு தலைப்பு, சுமார் 50 எழுத்துக்குள். பிறகு ஒரு வெற்று வரி. அதன் கீழே விளக்கம். அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே மூன்று கேள்விகள் தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம்: என்ன தொல்லை இருந்தது? ஏன் இந்த வழி? பின்னால் வருபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு. தலைவர்கள் முதலில் தங்கள் கமிட்களைப் பாருங்கள். அப்பா நின்றுகொண்டு சாப்பிட்டால் பிள்ளை உட்கார்ந்து சாப்பிடாது.

நேரம் இல்லை என்பவர்களுக்கு: எல்லாக் கமிட்டுக்கும் கட்டுரை கேட்கவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தினால் "முகப்பில் எழுத்துப் பிழை திருத்தம்" என்பதே போதும். காரணம் வெளிப்படையாகத் தெரியாத இடத்தில் எழுதுங்கள் என்கிறேன்.

ஏஐ எழுதிவிடும் என்பவர்களுக்கு: எழுதும். "காத்திருக்கும் நேரம் 40 விநாடியாகச் சேர்க்கப்பட்டது" என்று அழகாக எழுதும். அது நிரலைப் பார்த்தாலே தெரிகிறதே! வங்கிக்காரர் போனில் என்ன சொன்னார் என்று அதற்கு எப்படித் தெரியும், நீங்கள் சொல்லாமல்? காரணத்தை நீங்கள் சொல்லுங்கள், வாக்கியத்தை அது சீர்செய்யட்டும். இங்கிலீஷ் பயம் உள்ளவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் காரணமே இல்லாமல் நீளமாக எழுதித் தந்தால், எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்ற தோற்றம் மட்டும் மிஞ்சும். "ஃபிக்ஸ்" என்பதைவிட அது ஆபத்து. "ஃபிக்ஸ்" குறைந்தபட்சம் தன் வெறுமையை மறைப்பதில்லை.

இதைப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று மூத்தவர்கள் ஆகிவிட்டீர்கள். உங்கள் கீழே நேற்று கல்லூரி முடித்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை அலுவலகம் போனதும் அவர்களில் ஒருவர் எழுதிய கமிட் குறிப்பை எடுத்து வாசியுங்கள். வாசித்தேன் என்று அவருக்குத் தெரியும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அபராதம், சட்டம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன நடந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒரே சொல்லில் எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் டீச்சர்